அண்ணனுக்குப் பின்னால் இருந்த பெட்டிகள்

பேனா உள்ளே போகுமா, வெளியே ஒட்டிக்கொண்டு நிற்குமா? அந்த ஆனி மாதம் முழுக்க எனக்கும் என் தோழிக்கும் இதுதான் பேச்சு. இன்னும் வெளிவராத ஒரு டேப்லெட்டோடு வரப்போகிற பேனா. வெளியிடும் நாளைச் சொன்ன கம்பெனி வேறு எதற்கும் வாய் திறக்கவில்லை. மிச்சத்தையெல்லாம் எங்களைப் போன்றவர்கள்தான் பேசித் தீர்த்தோம். எங்கோ எவனோ ஒரு மங்கலான படம் போடுவான். அதைப் பெரிதாக்கி, ஓரத்தில் தெரிகிற கோடு ஸ்பீக்கரா நிழலா என்று பஸ்ஸிலேயே சண்டை பிடிப்போம். தோழி கடையத்தில் ஏறி எனக்கும் இடம் பிடித்து வைத்திருப்பாள். நான் தென்காசியில் ஏறி, உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவேன்.

“உள்ள போகாதுட்டி. அம்புட்டு மெல்லிசுக்குள்ள பேனாவுக்கு எங்கன எடம்?” என்பாள் அவள்.

“பேட்டரிய ரெண்டாப் பிரிச்சு நடுவுல விட்டா போகும்.”

“நீ போயி அவனுக்குச் சொல்லிக் குடு. உனக்காகத்தான் வேலைய நிப்பாட்டி வச்சுருக்கான்.”

இரண்டு பேரும் அதை வாங்கப் போவதில்லை. மேட்ச் பார்க்கிறவர்கள் எல்லாரும் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கவா செய்கிறார்கள்? அந்த மாதிரிதான் இதுவும்.

என் அண்ணன் வளைகுடாவில் ஒரு பெரிய குடோனில் இருக்கிறான். கடைகளுக்குப் போகிற போன், கம்ப்யூட்டர் எல்லாம் பெட்டி பெட்டியாக அங்கே வந்து இறங்கும். போன் பேசும்போதெல்லாம் கேட்பேன், அது வந்துருச்சா என்று. “வந்தாலும் சொல்ல மாட்டேன். போயி படி” என்பான். உள்ளே எதையும் படம் எடுக்கக் கூடாது என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆலங்குளத்துக்காரர் ஒருவர் வீடியோ காலில் பொண்டாட்டிக்கு குடோனைச் சுற்றிக் காட்டினார். அடுத்த வாரம் அவர் ஆலங்குளத்தில் இருந்தார். எங்கள் வீட்டுக்கு அண்ணன் சம்பளத்தை விட்டால் வேறு வருமானம் கிடையாது.

அந்த மாதம்தான் அக்கா மகனுக்குக் காதுகுத்து வைத்தார்கள், குற்றாலம் ரோட்டில் ஒரு மண்டபத்தில். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்த வேண்டும். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமன் வராத குறையை அத்தான் ஃப்ளெக்ஸ் போர்டில் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அது எனக்குத் தெரியாது.

விசேஷத்துக்குச் சில நாள் முன்னால் ஒரு சாயங்காலம், கல்லூரி விட்டுத் திரும்புகையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. சீசன் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. ரோட்டோரம் ரம்புட்டான் கடை. அதற்குப் பின்னால் மூங்கில் கட்டி நிமிர்த்திய புது ஃப்ளெக்ஸ். நடுவில் கிரீடம் வைத்து யானை மேல் உட்கார்ந்திருந்தது அக்கா மகன். வலது பக்கம் இரண்டு ஆள் உயரத்துக்கு எங்கள் அண்ணன். ஆரஞ்சுச் சட்டை, கக்கத்தில் ஹெல்மெட். அவனுக்குப் பின்னால் அடுக்கடுக்காக அட்டைப்பெட்டிகள். அதில் ஒரு பெட்டியின் பக்கவாட்டில் கோட்டுப் படம்: தட்டையான ஒரு சட்டம், அதன் விளிம்பில் ஒரு குழி, குழிக்குள் பாதி நுழைந்து நிற்கிற பேனா. மூலையில் அந்தக் கம்பெனியின் முத்திரை.

நான் தோழியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“பாரு, பாரு. உள்ள போவுது. நான் சொன்னேன்லா?”

அவள் பார்த்தாள். ஊர் உலகமே அலசிக்கொண்டிருக்கிற ஒன்று எங்களுக்கு முன்னால் சாரலில் நனைந்துகொண்டு நின்றது. சந்தோஷத்தில் நான் சீட்டை விட்டு எழுந்தேவிட்டேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

“அது உங்க அண்ணன்தானட்டி?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆலங்குளத்துக்காரர் ஞாபகம் வந்தது. பெட்டிக்குப் பக்கத்திலேயே அண்ணன் முகம், முகத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் அவன் பேர். எங்களைப் போல ஒரு கோட்டி, ஒரே ஒரு கிறுக்கு, அந்த ரோட்டில் போய்ப் படம் எடுத்துப் போட்டால் போதும். எல்லா ஊரில் இருந்தும் ஆட்கள் வந்து குளிக்கிற சீசன் அது.

இறங்கி ஓடினோம். கடையில் ஒரு கார் நின்றது. இரண்டு பையன்கள் ரம்புட்டானைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தனை ஒருத்தன் படம் எடுத்தார்கள். பின்னால் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்தப் போனைப் பிடுங்கிவிடலாமா என்று இருந்தது. தோழி என்ன நினைத்தாளோ, குடையை விரித்துக்கொண்டு அவர்களுக்கும் ஃப்ளெக்ஸுக்கும் நடுவில் போய் நின்றாள். “ஏங்க, கொஞ்சம் தள்ளுங்களேன்” என்றான் ஒருத்தன். “பஸ்ஸுக்கு நிக்கேன்” என்றாள். அங்கே பஸ் நிற்காது.

அண்ணனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. வேலை நடுவில் போனைத் தொட மாட்டான். நேரே அக்கா வீட்டுக்குப் போனோம். அத்தான் வாசலில் பத்திரிகைக் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“என்ன கொழுந்தியா, போர்டு பாத்தியா? மச்சான் எப்படி இருக்கான் அதுல?”

“நல்லா இருக்கு அத்தான். அந்தப் படம் குரூப்புல எதுலயும் போட்டீயளா?”

“போடல. எல்லாரும் நேர்ல பாத்து அசரட்டும்னு வச்சுருக்கேன். மச்சான் மொதல்ல கோட்டு போட்ட படத்தத்தான் அனுப்புனான். கோட்டு எவனும் வாடகைக்கு எடுத்துப் போடலாம், வேலை பாக்குற எடத்துல நின்னு எடுத்து அனுப்புன்னேன். பின்னாடி எதையும் வெட்டாதன்னு கடையிலயும் சொல்லிட்டேன்.”

மாடிக்குப் போவதற்குள் அண்ணனே திருப்பி அழைத்தான். சொன்னேன். அவன் பக்கத்தில் வண்டி ஒன்று பின்னால் வருகிற பீப் சத்தம் மட்டும் கேட்டது.

“பின்னாடி இருக்குறத வெட்டலையா?” என்றான்.

“வெட்டல.”

“ஃப்ளெக்ஸ்காரனுவ எப்பவும் வெட்டிருவானுவல்லா? ஏரி, மாளிகை, பென்ஸ் காருன்னு எதையாச்சும் வைப்பான். என் சேக்காளி கல்யாணத்துக்கு என்னையத் தாஜ்மகால் முன்னாடி நிப்பாட்டுனான். அந்த தைரியத்துலதான் அனுப்புனேன்.”

“அத்தான்தான் வெட்டாதீங்கன்னு சொன்னாவளாம். ஃபாரின் தெரியணுமாம்.”

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. “அக்காட்ட சொல்லாத, விசேஷ வீடு” என்றான். கொஞ்சம் கழித்து, “அது வெளிய வார வரைக்கும் எவன் கண்ணுலயும் படாம இருந்தாச் சரி. வந்துட்டா அது வெறும் பெட்டி” என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

போர்டைக் கழற்றச் சொல்ல முடியாது. காதுகுத்துக்கு முன்னால் மாமன் படத்தை இறக்கினால் அக்கா அழுதே தீர்த்துவிடுவாள். அத்தான் வீட்டுச் சனம் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடிக்கும். மாடிப்படியில் உட்கார்ந்து போனில் எடுத்திருந்த போர்டின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஃப்ளெக்ஸின் அடியில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டத்துக்குள் தலைகள்: ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’. அத்தானின் தம்பிகள், அவர்கள் சேக்காளிகள், பால்பண்ணைக்காரர் வரைக்கும் இருந்தார்கள்.

“நீ எங்கட்டி?” என்றாள் தோழி.

நான் இல்லை. கீழே இறங்கிப் போனேன்.

“அத்தான், பால்பண்ணைக்காரருக்கு எடம் இருக்கு, சித்திக்கு எடம் இல்லையோ?”

அத்தானுக்கு முகம் சுருங்கிவிட்டது. “நெசமா மறந்துட்டேம்மா. அடிச்சாச்சே, இனி எங்கன எடம்?”

“அண்ணன் பின்னாடி சும்மாதான இருக்கு. ரெண்டு வட்டம் அடிச்சு ஒட்டிருவோம்.”

அடுப்படியில் இருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். “இவளுக்கு இந்த ஆசை வேறயா? ரெண்டு எதுக்குட்டி, நீ ஒருத்திதான?”

“இவளும்தான். பிள்ளையத் தூக்கி வச்சுருக்கால்லா எத்தனையோ நாளு.”

தோழி என் காதில், “என்னைய எதுக்குட்டி இழுத்து விடுத?” என்றாள். “என் மூஞ்சி மட்டும் பத்தாது, பெட்டி அகலம்” என்றேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ஃப்ளெக்ஸ் கடை அண்ணாச்சி அளவைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். “இம்புட்டுப் பெருசாவா? காது குத்துற பிள்ளைய விடப் பெருசா இருப்பியம்மா.”

“இருக்கட்டும் அண்ணாச்சி.”

இருட்டுவதற்குள் அவருடைய ஆள் ஏறி ஒட்டிவிட்டார். தோழியின் முகம் முத்திரை மேல், என் முகம் பேனா மேல். அண்ணனின் இரண்டு தோளுக்கும் பின்னால் இரண்டு நிலாக்கள் முளைத்தது மாதிரி இருந்தது. சிரிப்பு வர வேண்டிய காட்சி. எங்களுக்கு வரவில்லை. அதற்கு முன்னால் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? அந்த ரம்புட்டான் பையன்கள் எந்த ஊர்?

அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் சாரல் விடவே இல்லை. பஸ் அந்தத் திருப்பத்துக்கு வரும்போதெல்லாம் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, என் முகத்தின் ஓரம் எங்காவது உரிகிறதா என்று பார்ப்போம். ஒரு நாள் காற்றில் மேல் விளிம்பு மடங்கி, நெற்றிக்கு மேல் பேனாவின் முனை தெரிந்தது. தோழி இறங்கி, கடைக்காரரிடம் ஸ்டூல் வாங்கி ஏறி அழுத்தினாள். “உன் மூஞ்சி மேல உனக்கு இம்புட்டுப் பாசமா தாயி?” என்று அவர் என்னைக் கேட்டார்.

முன்பெல்லாம் புதுப் படம் ஏதாவது வந்திருக்காதா என்று போனைத் திறப்பேன். இப்போது வந்திருக்கக் கூடாதே என்று திறந்தேன். ஒரு காலையில் தலைப்பே ‘பேனா உள்ளேதான், படம் சிக்கியது’ என்று இருந்தது. தொட்டேன். கண்ணை இடுக்கிக்கொண்டு கீழே தள்ளினேன், ஆரஞ்சு நிறம் வருகிறதா என்று. வரவில்லை. எவனோ தானே வரைந்த படம். பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பேனாவைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசுவதையே விட்டிருந்தோம்.

காதுகுத்து நடந்தது. பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்தினார்கள். பிள்ளை அழுத அழுகையை அண்ணன் வீடியோ காலில் கேட்டான். மண்டபத்தில் ஒரு மாமி, “மாமனுக்குப் பின்னாடி நிக்குத அந்தப் பிள்ள யாரு, பொண்ணு கிண்ணு பாத்து வச்சிருக்கியளா?” என்று கேட்டாள். தோழி சாப்பிடாமலே கடையம் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். அண்ணனுக்கு அதைச் சொன்னால் சிரிப்பான் என்று நினைத்தேன். “போர்டு இன்னும் நிக்கா?” என்றுதான் கேட்டான்.

வெளியீட்டு விழா ஒரு சாயங்காலம் நேரலையில் வந்தது. அவளும் வந்திருந்தாள். மேடையில் ஒருவர் அந்த டேப்லெட்டைக் கையில் எடுத்து, விளிம்பை மெல்ல அழுத்தினார். பேனா வெளியே வந்தது. அரங்கம் கை தட்டியது. ஒரு மாதமாக நான் ஜெயிக்கக் காத்திருந்த பந்தயம். தோழி, “சரி, நீதான் ஜெயிச்ச” என்றாள். நான் போனை அணைத்துவிட்டு, இனி எவன் வேண்டுமானாலும் எங்கள் அண்ணனைப் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அப்போது பார்த்து அழுகை வந்தது.

கொஞ்ச நேரத்தில் அவனே பேசினான். அக்காவை விசாரித்தான், பிள்ளையின் காது ஆறிவிட்டதா என்று கேட்டான். அவனுக்குப் பின்னால் அதே பீப் சத்தம்.

“ஏட்டி, இன்னைக்கு வேற ஒரு லோடு வந்து இறங்கியிருக்கு” என்றான்.

நான் என்னவென்று கேட்கவில்லை.