நான்தான் அக்கா

புடவைத் தலைப்பில் கட்டைவிரலைத் துடைத்து, ஊதி, இன்னொரு முறை துடைத்துவிட்டு வாசலிலிருக்கும் வருகைப்பதிவு எந்திரத்தின் மேல் வைக்கிறார் அக்கா. “மீண்டும் முயற்சிக்கவும்” என்கிறது எந்திரம். அவரும் சளைக்காமல் முயற்சிக்கிறார். பின்னால் வரிசையில் நிற்கும் நாங்கள் உச்சுக் கொட்டுகிறோம். கடைசியில் வாசல் காவலாளி வழக்கம்போல் அவர் வருகையைக் கையால் எழுதிக்கொண்டு உள்ளே விடுகிறார்.

“எங்க சித்தப்பா மாதிரி இது. தினம் பாத்தாலும் யாருன்னு கேக்கும்” என்று சிரித்துக்கொண்டே போகிறார்.

எங்கள் அலுவலகக் கட்டடத்தின் தரைகளும் கழிப்பறைகளும் அவர் பொறுப்பு. ஆசிட்டிலும் சோப்புத் தண்ணீரிலும் ஊறி ஊறி அவர் விரல் ரேகைகள் அழிந்துவிட்டன. அத்தனை மாடியிலும் யாருக்கும் யாரையும் தெரியாது. எனக்கே அங்கே ‘நாலாம் மாடி ஜன்னலோரம்’ என்றுதான் பெயர். சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

வேலை தொடங்குமுன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கண்ணை மூடுவார். “நான்தான்” என்பார். அவ்வளவுதான் முன்னுரை. அடுத்த வார்த்தையிலிருந்து மகளின் பரீட்சை, முழங்கால் வலி, மூன்றாம் மாடிக் குழாய் என்று கடவுளிடம் ஊர்க்கதை ஓடும். காவலாளியும் நானும் அவரை ‘நான்தான் அக்கா’ என்று கூப்பிடுவது இதனால்தான்.

நர்ஸ் வேலைக்குப் படிக்கும் மகள் ஒருநாள் கிண்டல் செய்தாளாம்: உலகத்தில் இத்தனை கோடிப் பேர் இருக்கும்போது, பேர்கூடச் சொல்லாமல் கூப்பிட்டால் கடவுளுக்கு எப்படித் தெரியும் என்று. அக்கா திருப்பிக் கேட்டாராம்: “நீ ராத்திரி வந்து கதவத் தட்டி நான்தான்னு சொல்றே. எந்த நான்தான்னு நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா?”

இதைக் கேட்ட மறுநாள், லிஃப்டில் தனியாக இருந்தபோது நானும் “நான்தான்” என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குமேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

போன மாதம் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். இனி கையால் எழுதுவது செல்லாது. எந்திரம் அடையாளம் காணாதவருக்கு வருகை இல்லை, வருகை இல்லாதவருக்கு வேலையும் இல்லை. அக்கா மேலாளரைப் போய்ப் பார்த்தார். தினம் அக்கா பெருக்கும் அறையில் உட்கார்ந்துகொண்டு, “நீங்க யாருன்னு மெஷின்தாம்மா சொல்லணும்” என்றார் அவர். அக்கா சிரிக்காமல் திரும்பி வந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். வேலை போனால் மகள் படிப்பும் போய்விடும்.

அன்று துடைப்பத்தை வெகுநேரம் சாய்த்தே வைத்திருந்தார். பிறகு மாடி மாடியாக ஏறினார். கேன்டீனில் பாத்திரம் தேய்ப்பவர்கள், தோட்டக்காரர் என்று ரேகை தேய்ந்தவர்களையெல்லாம் திரட்டிக்கொண்டு மேலாளர் கதவைத் தட்டினார். நானும் கூடப் போய் நின்றேன்.

“யாரு?” என்றது உள்ளேயிருந்து குரல்.

“நான்தான்.”

“வாங்கக்கா” என்றார் மேலாளர். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது போலும். கதவைத் திறந்தவர் முகத்தில் அசடு வழிந்தது. வெளியே நின்றிருந்தவர்களின் விரல்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

இப்போது வாசலில் ரேகை எந்திரத்துக்குப் பதிலாக முகம் பார்க்கும் காமிரா வந்துவிட்டது. முகத்தைப் பதிவு செய்யும்போது மற்றவர்கள் விறைப்பாக நிற்க, அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் அவர் சிரித்தால்தான் கதவு திறக்கிறது. அதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

இன்று காலையும் சிரித்தார், கதவு திறந்தது. உள்ளே போகாமல் ஒரு நிமிடம் நின்றார். கட்டைவிரலைப் புடவைத் தலைப்பில் துடைத்து, ஊதி, காமிராவுக்கும் மேலே வெறும் ஆகாயத்தைப் பார்த்து உயர்த்திக் காட்டினார்.