குழந்தைராஜ் வைத்த முறை

குழந்தைராஜை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு தகராறின் நடுவில். பாபநாசம் பக்கத்து வாய்க்கால் மதகில் இரண்டு ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு முறைத்துக்கொண்டு நிற்க, மனிதர் மதகுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிதானமாக வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். "கத்தி முடிச்சுட்டுச் சொல்லுங்க, முறை பேசுவோம்" என்றார்.

பொதுப்பணித் துறையில் லஸ்கர் வேலை அவருக்கு. மதகைத் திறந்து மூடுவது. ஒரு ஊரில் நடவு இல்லாத நாளில் அடுத்த ஊருக்குத் தண்ணீர். உனக்கு வேண்டாத நேரத்தில் அடுத்தவனுக்கு விடு என்பதுதான் அவருடைய சட்டம். இருபத்திரண்டு வருஷமாக அவர் வைத்த முறையை யாரும் மீறியதில்லை. நான் அதே துறையில் எழுத்தர். என் மேஜையில் வருஷக்கணக்கில் தூங்கும் சண்டையை அவர் அரை மணியில் தீர்த்துவிடுவார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

பிறகு எங்கள் இருவரையும் தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு முகத்துவாரத்துக்கு மாற்றினார்கள். காவிரியின் கடைசிக் கிளைகளில் ஒன்று அங்கே கடலில் விழுகிறது. வாய் அடிக்கடி மணலில் தூர்ந்து, வெள்ளம் வடியாமல் வயல்கள் அழுகும். அதற்காக ஆற்றின் இரண்டு பக்கமும் கடலுக்குள் கல் சுவர் போட்டார்கள். கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தெற்குச் சுவரில் முட்டி நின்றுவிட்டது. தெற்குக் குப்பத்துக்கு அகலமான மணல்வெளி கிடைத்தது. வடக்குக் குப்பத்தைக் கடல் தின்ன ஆரம்பித்தது.

அதற்கும் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். தெற்கில் சேரும் மணலைத் தண்ணீரோடு பம்பில் உறிஞ்சி, ஆற்றைத் தாண்டிக் குழாயில் கொண்டுபோய் வடக்கில் கொட்டுவது. தனியாரிடம் கொடுத்தால் எல்லாம் தானாக ஓடும் என்று பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருந்த காலம். ஒரு கம்பெனி வந்து ஒரு வருஷம் ஓட்டிக் காட்டிவிட்டு, ஒப்பந்தம் முடிந்ததும் சாவியைக் குழந்தைராஜ் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பியது. பொறியாளர் நாற்காலி காலியாகவே கிடந்தது.

வடக்குக் குப்பத்தில்தான் அவருடைய தங்கை மரியபுஷ்பத்தின் வீடு. புருஷன் இல்லை. மகன் ஆல்பின் துபாயில், கடலைத் தூர்த்துத் தீவு உண்டாக்கும் கப்பலில் வேலை பார்த்தான். மணலை உறிஞ்சித் துப்புவதுதான் அவனுக்கும் பிழைப்பு. அவன் அனுப்பி அனுப்பிக் கட்டிய மாடி வீடு அது. ஞாயிறு பூசை முடிந்ததும் மரியபுஷ்பம் வாசலிலிருந்து அலை வரைக்கும் நடந்து எண்ணுவாள். நான் போன புதிதில் நாற்பத்தோரு எட்டு இருந்தது.

தெற்குக் குப்பத்து ஆட்கள் பம்பை மறித்தார்கள். "எங்க மண்ண அள்ளி அங்க கொட்டுறதுக்கு நாங்க என்ன இளிச்சவாயனுங்களா?" என்றார் அவர்கள் பஞ்சாயத்தார் அரசப்பன். அந்த மணலில்தான் அவர்கள் படகு ஏறுகிறது, கருவாடு காய்கிறது. குழந்தைராஜ் வெற்றிலையை எடுத்தார். கார்த்திகையிலிருந்து மாசி வரை மழையும் வாடைக்காற்றும். அப்போது கருவாடு காயாது, படகும் அதிகம் போகாது. ஆகவே அந்த நாலு மாதம் வடக்குக்குப் பம்பு ஓடட்டும். மீதி எட்டு மாதம் தெற்கத்தியார் மணலில் யாரும் கை வைக்கக் கூடாது. இரண்டு ஊரும் தலையாட்டியது. இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட முச்சலிக்காவை முத்து முத்தாக எழுதியது நான். மரியபுஷ்பம் அன்றைக்கு எல்லாருக்கும் பாயசம் கொடுத்தாள்.

கார்த்திகையில் பம்பு ஓடியது. வடக்கே கொட்டிய மணல் மறுநாள் அங்கே இல்லை. பத்து நாள் பார்த்துவிட்டு மீன் விற்கும் கலைமகள்தான் கேட்டாள். "ஏண்ணே, காத்து எங்கேருந்து அடிக்குதுன்னு பாத்தீங்களா?"

வாடை வடக்கிலிருந்து அடித்தது. அந்த மாதங்களில் மணலும் தெற்கே திரும்பி ஓடும் என்பது குப்பத்துக் குழந்தைக்கும் தெரியும். முறை வைக்கிற மனிதருக்குத் தெரியாததா என்று யாரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் இருவரும் வயல்காட்டு ஆட்கள். தண்ணீர் எல்லா மாதமும் ஒரே பக்கம்தான் போகும் எங்களுக்கு. கொட்டிய மணலெல்லாம் சுவரைச் சுற்றிவந்து ஆற்றின் வாயையே அடைத்துக்கொண்டிருந்தது. வடக்குக்கு மணல் வேண்டியது தென்காற்று அடிக்கும் சித்திரை முதல் ஆவணி வரை. கம்பெனிக்காரன் அந்த மாதங்களில்தான் ஓட்டியிருக்கிறான். கோப்பில் தெளிவாக இருந்தது. கோப்பு என் மேஜையில் இருந்தது. முச்சலிக்கா எழுதுமுன் நான் அதைப் பிரித்தே பார்க்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

குழந்தைராஜ் தெற்கே போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கூட நின்றேன். "தப்புப் பண்ணிட்டேன். மாசத்த மாத்திக் கொடுங்க."

அரசப்பன் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "முறை வச்சது நீங்க. கையெழுத்துப் போட்டது நாங்க. இன்னிக்கு உங்களுக்காக மாத்துனா நாளைக்கு எதுண்ணே நிக்கும்?" இருபத்திரண்டு வருஷம் மதகு மதகாக நின்று இவர் சொன்ன அதே பேச்சு. குழந்தைராஜ் கும்பிட்ட கையை இறக்கினார். மேலே எழுதிக் கேட்டேன். இரு ஊர் ஒப்பந்தத்தில் தலையிட இயலாது என்று பதில் வந்தது.

ஆனியில் மரியபுஷ்பம் எண்ணியது பதினாறு எட்டு. ஆல்பின் போன் பண்ணினான். "மாமா, இங்க ஒரே நாள்ல ஒரு தெரு நீளத்துக்கு மண்ணு கொட்டுறோம். அங்க ஒரு சுவிட்ச்சப் போட முடியாதா உங்களால?" ஆடியில் ஒரு காலை, முறையாவது ஒன்றாவது என்று குழந்தைராஜ் சாவியோடு கிளம்பினார். பம்பைச் சுற்றித் தெற்கத்திப் பெண்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறும்வரை நின்றுவிட்டுத் திரும்பினார்.

ஆவணி பிறந்து எட்டாம் நாள் சமையலறைச் சுவர் விழுந்தது. மூன்று நாளில் மாடி இறங்கியது. மரியபுஷ்பம் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனுஷன் கொஞ்சம் அழுதிருப்பார்.

கார்த்திகை முதல் தேதி, முறைப்படி பம்பை ஓட்டு என்று ஆர்டர் வந்தது. ஓட்டினார். மரியபுஷ்பம் மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு குழாய் முனைக்கே வந்தாள். அவள் வீடு இருந்த இடத்தில் மணல் கரகரவென்று விழுந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் ஒரு வீடும் மிச்சமில்லை.

"யாருக்குண்ணே கொட்டுறே?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நிறுத்திடேன்."

"ஆர்டர் இல்லாம நிறுத்த முடியாதும்மா" என்றார்.

அவள் தூக்கைத் திறந்து அவருக்குச் சோறு போட்டாள்.