என் பொண்ணைப் பேச வச்ச முருகன்

முருகனை நம்பிக்கினு இருக்கிற அக்கா தங்கச்சிங்க, அண்ணன் தம்பிங்க எல்லாருக்கும் என் வணக்கம். எனக்கு நாலு பேர் முன்னாடி பேசிப் பழக்கம் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்றேன். பொண்ணு பேரை மட்டும் மாத்திச் சொல்றேன். யாழினின்னு வச்சுக்குங்க.

எனக்குப் பொறந்த வூடு குறிஞ்சிப்பாடி பக்கம். எங்க வூட்டுக்காரருக்கு நெய்வேலியில சுரங்கத்துல கான்ட்ராக்ட் வேலை. நாங்க குடியிருந்தது அவரோட சூப்பர்வைசர் சாருக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸ். முன்பக்கம் அவரு, பின்பக்கம் ரெண்டு ரூம்ல நாங்க. சாரோட சம்சாரம் மகன் வூட்டுக்குச் சென்னைக்குப் போயி அங்கேயே தங்கிட்டாங்க. வேலை வாங்கிக் கொடுத்தது அவரு. தங்க இடம் கொடுத்தது அவரு. ஏழாவது படிக்கிற எங்க யாழினிக்கு சாயங்காலத்துல கணக்கு சொல்லிக் கொடுத்ததும் அவருதான். கோயில் விசேஷம்னா முன்னாடி நிப்பாரு. அவரை நாங்க தெய்வமா நெனச்சோம்.

போன வருஷம் ஸ்கூல் தொறந்து கொஞ்ச நாள்ல யாழினி மாறிப் போச்சு. அது ஓயாம பேசற புள்ளைங்க. ஸ்கூல் வண்டியில வர்றப்பவே கதை ஆரம்பிக்கும், சோறு திங்கிற வரைக்கும் முடியாது. அப்படிப்பட்ட புள்ள வாயை மூடிக்கிச்சு. சோறு எறங்கல. நகத்தைக் கடிச்சுக் கடிச்சு ரத்தம் வந்துச்சு. சாயங்காலம் ஆனா வயித்து வலி. திட்டியும் பார்த்தேன், கொஞ்சியும் பார்த்தேன். மந்திரிச்சுக் கயிறும் கட்டினேன். ஒண்ணும் நடக்கல.

ஆஸ்பத்திரிக்கு அழைச்சிக்கினு போனேன். அங்க இருந்த டாக்டரம்மா எல்லா டெஸ்ட்டும் பார்த்துட்டு என்னைத் தனியா கூப்பிட்டாங்க.

"வயித்துல ஒண்ணும் இல்லம்மா. புள்ள எதுக்கோ பயப்படுது. கேள்வி மேல கேள்வி கேக்காதீங்க. பக்கத்துல இருங்க. அதுவா சொல்லும். சொன்னா நம்புங்க."

ஆடிக் கிருத்திகை அன்னைக்குக் கோயிலுக்குப் போனேன். கூட்டத்துல நசுங்கிக்கினு நின்னேன். எனக்கு வேற எதுவும் கேக்கத் தோணல. 'முருகா, என் புள்ள மனசுல என்ன இருக்குதுன்னு எனக்குக் காட்டு. அது எதுவா இருந்தாலும் தாங்கற சக்தியையும் கொடு.' அவ்வளவுதான் வேண்டிக்கினேன். கண்ணைத் தொறந்தா, சார் கையில தீபாராதனைத் தட்டை வச்சுக்கினு எனக்கு நேரா நிக்கறாரு. விபூதி எடுத்துக்கினேன்.

வூட்டுக்கு வந்து முருங்கைக்கீரை ஆய உக்காந்தேன். யாழினி வந்து பக்கத்துல உக்காந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கல. ரெண்டு பேரும் கீரை ஆஞ்சிக்கினு இருந்தோம். கொஞ்ச நேரம் கழிச்சு, தலை நிமிராம சொல்லுச்சு.

"மா, நான் இனிமே டியூசன் போவல."

"சரி, போவாத."

நான் சரின்னு சொன்னதும் அழ ஆரம்பிச்சுது. சாரு தன் மேல கை வைக்கறாரு, வேணாம்னாலும் விட மாட்டேங்கறாருன்னு சொல்லுச்சு. "அம்மாகிட்ட சொன்னா அப்பாவுக்கு வேலை போயிடும், எல்லாரும் ரோட்டுலதான் நிக்கணும்னாரு. அதான்மா சொல்லல" அப்படின்னுச்சு.

எங்களுக்காக அந்தப் புள்ள தாங்கிக்கினு இருந்திருக்கு. இழுத்து மடியில போட்டுக்கினேன். "உன் மேல ஒரு தப்பும் இல்லடா. நீ சொன்னதை நான் நம்பறேன்"னு சொன்னேன். டாக்டரம்மா சொல்லாம இருந்தா எனக்கு அந்த வார்த்தை வந்திருக்குமான்னு தெரியல.

அதுக்கப்புறம் நான் பட்டதை எப்படிச் சொல்றது. சுவத்துக்கு அந்தப் பக்கம் அவரு. அவரு இருமினா இந்தப் பக்கம் கேக்கும். துணி காயப் போடப் போனா அவரு ஜன்னலைத் தாண்டித்தான் போவணும். வாசல் கேட்டு ஒண்ணுதான், வழி ஒண்ணுதான். புள்ளையைக் கண்ணு மறைய விடாம, கதவைத் தாப்பாப் போட்டுக்கினு உள்ளயே கெடந்தோம். மறுநாளே வாசல்ல வந்து நின்னாரு.

"என்ன செல்வி, யாழினி வரல?"

"ஜுரம் சார்."

"உன் புருஷன் குமாருக்கு வேலை பர்மனென்ட் ஆவற விஷயமா பேசிக்கினு இருக்கேன். தெரியும்ல?"

"தெரியும் சார்."

அவரு போன பிறகு கதவுல சாஞ்சு அப்படியே உக்காந்துட்டேன். வூட்டுக்காரர்கிட்ட சொன்னா அவரு ஆத்திரத்துல ஏதாவது பண்ணிட்டு ஜெயிலுக்குப் போவாரோன்னு ஒரு பயம். அதை விடப் பெரிய பயம் ஒண்ணு இருந்துச்சு. 'கொஞ்சம் பொறுத்துக்கோ, வேலை பர்மனென்ட் ஆவட்டும்'னு சொல்லிட்டார்னா? அப்படிச் சொன்னா எனக்குன்னு இந்த உலகத்துல யாரு இருக்கா? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவருதான். சாமி படத்து முன்னாடி நின்னு, 'முருகா, புள்ள வாயைத் தொறந்துட்ட. இப்ப என் வாயைத் தொற'ன்னு அழுதேன்.

அன்னைக்குப் பகல் ஷிப்ட் முடிஞ்சு எங்க வூட்டுக்காரர் வந்தாரு. வூட்டுக்குள்ள பேசினா அந்தப் பக்கம் கேக்கும். "கொஞ்சம் வெளிய போயிட்டு வரலாம்ங்க"ன்னு யாழினியையும் வண்டியில ஏத்திக்கினேன். கோயில் பக்கத்து மரத்தடியில புள்ளையைக் கண்ணுக்கு எட்டற தூரத்துல உக்கார வச்சிட்டு, எல்லாத்தையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன்னு இப்பவும் எனக்குத் தெரியாது. வார்த்தை தானா வந்துச்சு.

அவரு வண்டி சீட்டைப் பிடிச்சுக்கினு நின்னாரு. அப்புறம் யாழினிகிட்ட போயி மண்டி போட்டு உக்காந்தாரு.

"அப்பாவுக்கு இந்த வேலை இல்லன்னா மூட்டை தூக்குவேன்டா. நீ எதுக்கு இதைச் சுமக்கற?"

அந்த நிமிஷம் முருகன் எனக்குப் பதில் சொல்லிட்டான்னு தெரிஞ்சுது.

அந்த வூட்டுக்கு நாங்க திரும்பிப் போவல. அப்படியே மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். போலீஸ் டிரெஸ் போடாத ஒரு மேடம் யாழினிகிட்ட மெதுவா பேசினாங்க, நான் பக்கத்துலயே இருந்தேன். எங்க அண்ணன் வந்து சாமான் எல்லாம் ஏத்திக்கினு போனாரு. சாரைப் போலீஸ் அழைச்சிக்கினு போனப்ப, 'நல்ல மனுஷன் மேல வீண் பழி போடறாங்க'ன்னுதான் ஊரு பேசிச்சு. கோயில்ல கூட சில பேரு என்னைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கினாங்க. பின்னால, முன்ன அவர்கிட்ட டியூசன் போன இன்னொரு பொண்ணோட அம்மா தானா வந்து போலீஸ்ல சொன்னாங்க. அதுக்கப்புறம் பேச்சு அடங்கிடுச்சு.

கேஸ் இன்னும் நடக்குது. எங்க வூட்டுக்காரருக்கு அந்த வேலை போயிடுச்சு, மறைக்க ஒண்ணும் இல்ல. இப்ப வடலூர்ல ஒரு மர டிப்போவுல இருக்காரு. வாடகை வூடு சின்னது. ஆனா கதவைத் தொறந்து வச்சிருக்கோம். யாழினி ஒரு கவுன்சிலிங் மேடத்துகிட்ட போய்க்கினு இருக்கு. எல்லாம் ஒரே நாள்ல சரியாயிடல. சில நாள் திரும்ப மௌனமாயிடும். போன வாரம் ஸ்கூல்ல யாரோ கோலப்போட்டியில கலர்ப்பொடியைத் தட்டி விட்ட கதையைச் சொல்ல ஆரம்பிச்சுது. முடியறப்ப சோறு ஆறிப் போச்சு. நான் அடுப்படிக்குப் போயி முருகனுக்கு நன்றி சொல்லி அழுதுட்டு வந்தேன்.

இப்பல்லாம் தினமும் கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்காம அது பக்கத்துல உக்காந்து இருக்கேன். யாரா இருந்தாலும், எவ்வளவு உதவி செஞ்சவங்களா இருந்தாலும், 'அம்மாகிட்ட சொல்லாத'ன்னு சொன்னா அதைத்தான் மொதல்ல என்கிட்ட சொல்லணும்னு சொல்லி வச்சிருக்கேன்.

உங்க வூட்டுல ஒரு புள்ள திடீர்னு அமைதியாயிடுச்சுன்னா முருகன்கிட்ட போங்க. அவன் கைவிட மாட்டான், நான் அனுபவிச்சவ சொல்றேன். வேண்டிக்கினு வந்து, அந்தப் புள்ள பக்கத்துல உக்காருங்க. அது சொல்றதை நம்புங்க.