ஒரு 'போணி'க்காக வாஷியிலிருந்து தாராவி வரை

போன செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு நான் போன தூரம் முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஊர் சுற்ற அல்ல, ஒரு சந்தேகத்தைத் தீர்க்க. வீடுகளில் பிடித்து வைக்கும் குடிதண்ணீரைப் பற்றி ஐந்து வருடமாக ஆராய்ச்சி செய்கிறேன். தாராவியின் ஒரு சந்தில் முன்பு நடந்த ஆய்வின்மேல்தான் என்னுடையது நிற்கிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் பத்து நாள் இருக்கையில் பார்த்தால் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. பழைய நோட்டில் 'போணித் தண்ணி' என்று எழுதிய வீடுகளில்தான் கிருமி அதிகம். போணி என்றால் முதல் வியாபாரம். அப்படியானால் கடை திறக்கும் நேரத்தில் பிடித்த புதுத் தண்ணீர் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். என் சோதனையிலோ புதுத் தண்ணீர் சுத்தம். யார் கணக்கு தப்பானாலும் ஐந்து வருட உழைப்பு அம்பேல்.

என் கணவர் சிவில் இன்ஜினீயர். பழைய மண் பரிசோதனையில் சந்தேகம் வந்தால் பக்கத்திலேயே இன்னொரு துளை போட்டுப் பார்ப்பார்களாம். வேதியியல் படித்த என் தங்கை, அதே கலவையைத் திரும்பக் காய்ச்சினால் தெரிந்துவிடும் என்பாள். என் துறையில் அது முடியாது. அன்றைய தண்ணீரை அன்றைக்கே குடித்துவிட்டார்கள். எழுதி வைத்தது மட்டும்தான் மிச்சம்.

காலை 9.10க்கு வாஷியில் ரயில். செம்பூருக்குப் பத்து ரூபாய் டிக்கெட், கால் மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ 26 ரூபாய்; முப்பது கொடுத்தேன், டிரைவர் சில்லறைக்குப் பதில் ஒரு சிரிப்பைக் கொடுத்தார். நான் பார்க்கப் போனது பழைய ஆய்வை நடத்திய மாலதி மேடத்தை; அவர் மராட்டிக்காரர், தமிழ் தெரியாது. வீடு வீடாகக் கேட்டு எழுதியது செல்வி என்ற தாராவிப் பெண்ணாம். போணி என்று எதைக் குறித்தார்கள் என்பது மேடத்துக்கே மறந்துவிட்டது. செல்வியின் நம்பரைக் கொடுத்தார். அந்த ஆட்டோக்காரருக்குக் கொடுத்த நாலு ரூபாயைவிட அது உபயோகமாக இருந்தது.

செம்பூரிலிருந்து குர்லா, அங்கே மாறி சயான், ஐந்து ரூபாய். குர்லா படிக்கட்டில் யாரும் நடப்பதில்லை, கூட்டம் கொண்டுபோய் விடும். சயானில் மேற்குப் பக்கம் இறங்கி 90 அடி ரோட்டுக்குப் பதினைந்து நிமிட நடை. 11.40க்குச் செல்வியின் பட்டறையில் இருந்தேன். பள்ளிக்கூடப் பை தைக்கிறார், நாலு மிஷின். நோட்டின் நகலை நீட்டியதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"நான் ஏதும் தப்பா எழுதிட்டனாக்கா?"

போணி என்றால் காலையில் நடக்கும் முதல் வியாபாரம்தானே என்று கேட்டேன். மிஷினில் இருந்த மூன்று பெண்களும் சிரித்துவிட்டார்கள்.

"அது கடைப் போணி. இது வீட்டுப் போணில்லா?" என்று உள்ளே போய், வாயகன்ற ஓர் எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்து வந்தார். மூடி கிடையாது. "ட்ரம்முல இருந்து இதுல கோரி வைப்போம். வீட்டுல எல்லாரும் தம்ளர முக்கித்தான் குடிப்போம். எங்க திருநவேலிப் பக்கம் இதத்தான் போணிம்போம். நீங்க மாட்டுங்காக்காரங்களாக்கா?"

மும்பைத் தமிழர்களின் பழைய பேட்டை அது. பிறந்து வளர்ந்தது அங்கேதான், வாஷி கல்யாணத்துக்குப் பிறகு என்றேன். எத்தனை கைகள் போய் வந்த தண்ணீர் அது! கிருமி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். என் முடிவும் அதேதான்: புதுத் தண்ணீர் சுத்தம், கை படப்படத்தான் கெடுகிறது. பழைய ஆய்வும் சரி, என்னுடையதும் சரி. நடுவில் தமிழ் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததுதான் தப்பு. வயிற்றில் பாலை வார்த்தது போல் இருந்தது. வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீடு திரும்பும் முன் எதிர்த்திசையில் ஒரு ஸ்டேஷன் போய், மாட்டுங்காவில் இறங்கி நாற்பது ரூபாய்க்கு ஒரு காபி குடித்தேன். அன்றைக்கு அது நூறு ரூபாய் பெறும்.

பழைய ஆய்வைத் தேடிப் போகிறவர்களுக்கு: கட்டுரையோடு நிற்காமல் நோட்டு வரை போங்கள், நோட்டோடு நிற்காமல் எழுதியவர் வரை போங்கள். பதினொரு மணிக்கு மேல் போனால் ரயிலில் நிற்க இடம் உண்டு. கேட்ட சொல்லைக் கேட்டபடியே எழுதுங்கள், பக்கத்தில் அர்த்தத்தையும் எழுதுங்கள். செல்வி முதலாவதைச் செய்திருந்தார். இரண்டாவதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நேற்று சமர்ப்பித்தேன். நாற்பத்தோராம் பக்கத்து அடிக்குறிப்பு: "போணி: மூடியில்லாத, வாயகன்ற பாத்திரம். சொன்னவர் செல்வி." அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். பதில் வந்தது: "இப்ப மூடி வாங்கிட்டோம்க்கா. அதையும் எழுதிருங்க."