நான் வைத்த கம்பி

என் கணவர் ஓட்டிய வேனில்தான் நான் வேலைக்குப் போய்வந்தேன். சுங்கைப் பட்டாணியில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. பூதக்கண்ணாடிக்குக் கீழே நாளெல்லாம் ஈயப்பற்று வைப்பது என் வேலை. தொழிற்சாலைப் பெண்களான எங்களை ஏற்றி இறக்குவது அவர் வேலை. கல்யாணமாகி அதே ஊரில் பாக்கார் ஆராங் பகுதியில் வீடு எடுத்தபோது எண்பதுகள் தொடங்கியிருந்தன.

ஒரு நாள் பினாங்கிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்தார். உதிரிப் பாகங்களை நாமே சேர்த்துப் பூட்டிக்கொள்ளும் கடிகாரம். உள்ளே காற்றில்லாத கண்ணாடிக் குழாய், அதில் பச்சையாக எரியும் எண்கள், ஒரு மின்சுற்றுப் பலகை, பை நிறையச் சில்லறைச் சாமான்கள். நான் கை நீட்டியதும் தடுத்துவிட்டார். தொழிற்சாலையில் செய்வது போதும், வீட்டிலாவது சும்மா உட்கார் என்றார். அதில் அன்பும் இருந்தது, தானே செய்துபார்க்கும் ஆசையும் இருந்தது.

விரலைச் சுட்டுக்கொண்டு செய்து முடித்தார். எண்கள் எரிந்தன. ஆனால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது. ட்ரான்ஸ்ஃபார்மர்தான் கோளாறு என்று முடிவுகட்டி, பழைய ரேடியோவிலிருந்து பெரிதாக ஒன்றைக் கழற்றி, கடிகாரப் பெட்டியை அறுத்து அகலமாக்கிப் பொருத்தினார். அப்போதும் சரியாகவில்லை.

மறுநாள் எனக்கு விடுமுறை. அவர் வேலைக்குப் போனதும் திறந்து பார்த்தேன். குறிப்புத்தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது: மின்சாரம் நம் ஊரில் போல நொடிக்கு ஐம்பது சுற்றானால் பலகையில் இந்த இரண்டு துளைகளையும் ஒரு கம்பியால் இணைக்க வேண்டும்; இல்லாவிட்டால் அறுபது சுற்றுக் கணக்கில் ஓடிப் பின்தங்கும். இணைத்து, நேரத்தைச் சரியாக வைத்து மூடிவைத்தேன்.

சாயங்காலம் ரேடியோ மணியோடு கடிகாரம் ஒத்துப்போனதைப் பார்த்தவர், "பாத்தியா, புது ட்ரான்ஸ்ஃபார்மர் செட்டாக ஒரு நாள் எடுத்திருக்கு" என்றார். மலர்ந்திருந்த அந்த முகத்தைப் பார்த்து எனக்குக் கம்பியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு பக்கத்து ஊரான செமிலிங்கில் அவருடைய அண்ணன் வீடு கட்டினார். அன்பளிப்பாகக் கொடுக்க என்று இவர் அதே மாதிரி இன்னொரு பெட்டி வாங்கி, அதற்கும் அதே பாடுபட்டு ட்ரான்ஸ்ஃபார்மரை மாற்றினார். அவருக்குத் தெரியாமல் கம்பியை வைத்துவிட நினைத்திருந்தேன். ஆனால் அந்த வாரம் எனக்கு மத்தியான ஷிப்ட்; நான் வீட்டில் இருந்த காலை நேரமெல்லாம் அவரும் வீட்டில்தான் இருந்தார். புது வீட்டு ஆசீர்வாதத்தன்று காலையில்தான் முடித்தார். முடித்த கையோடு துணியில் சுற்றிக் கிளம்பிவிட்டார். அப்போதாவது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஃபாதர் ஜெபம் செய்து, தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்த பிறகு கடிகாரத்தைச் சுவர்ப் பலகையில் வைத்தார்கள். எல்லாரும் வியந்தார்கள். சாப்பாடு முடிவதற்குள் அண்ணன் தன் கைக்கடிகாரத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னா தம்பி, உன் கடியாரம் காலையில வேலைக்கு லேட்டா வர்ற ஆளு மாதிரி நடக்குது."

கூட்டம் சிரித்தது. இவர் நாற்காலியில் ஏறி, பெட்டியைத் தட்டிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். வீட்டில் அதே மாதிரி செய்தது ஒரு நாளில் சரியாகிவிட்டது, இதுவும் சரியாகிவிடும் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பின்கட்டில் தட்டுக் கழுவப் போய்விட்டேன்.

திரும்பும்போது மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து கம்பி விஷயத்தைச் சொன்னேன். ஓரமாக நிறுத்தினார்.

"எப்ப வச்சே?"

"நம்ம வீட்டுக் கடியாரத்துல நீங்க ட்ரான்ஸ்ஃபார்மர் மாத்துன மறுநாள்."

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "கம்பி வச்சது சரிதான்லா. அண்ணன் முன்னாடி அவ்ளோ நேரம் என்னை நிக்க விட்டுட்டியே" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு எந்தத் துளைகள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, அண்ணன் வீட்டுக்குப் போய் அவரே கம்பியை வைத்துவிட்டு வந்தார். கண்டுபிடித்தது என் மனைவி என்று அண்ணனிடம் சொன்னாராம். அதற்காக அண்ணி என்னைப் பாராட்டியபோது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் மின்விசிறியோ இஸ்திரிப் பெட்டியோ அவர் பழுதுபார்த்து ஓடத் தொடங்கினால், முதலில் என் பக்கம் திரும்புவார்.

"நீ தொட்டியா?"

கிண்டலாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். இல்லை என்பேன். உண்மையும் அதுதான். ஆனாலும் மறுபடி ஒரு தடவை உள்ளே பார்த்துவிட்டுத்தான் மூடுவார்.