லேபிள் கட்டைச் சுற்றிப் போன நான்கு கட்டங்கள்

மதுரையில் மேலாண்மை படித்து முடித்த கையோடு திருத்தங்கலில் எங்கள் அச்சகத்துக்குள் நுழைந்தேன். முதல் வேலையாக ஒரு பெரிய தாளில் நான்கு கட்டம் போட்டேன். பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து. ஒரு தொழில் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு அடுத்த ஐந்து வருடத்தைத் திட்டமிட இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது.

பலத்தை அப்பா மளமளவென்று சொன்னார். பலவீனம் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. கடைக்குள் ‘இல்லை’ என்று சொல்லவே கூசுகிறவர் அவர். பேப்பர் தீர்ந்துபோனாலும் ‘நாளைக்கு வருது’ என்றுதான் சொல்வார்.

“விளக்கேத்துற எடத்துல இதெல்லாம் எழுதாத பிள்ள.”

நானே எழுதினேன். பலவீனம்: ஒரே கஸ்டமர், ஒரே சீசன். ஆபத்து: அந்த ஒரே கஸ்டமரான பட்டாசு ஆலை முதலாளி கோபித்துக்கொண்டால் பூட்டுப் போட வேண்டியதுதான். வாய்ப்பு: சாத்தூர் காராச்சேவு டப்பா. பட்டாசு லேபிளை மட்டும் நம்பாமல் அட்டை டப்பாவும் அடிக்க அப்பா சம்மதிக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும்.

தாளை மேசையிலேயே விட்டுப் போனது என் தப்பு. எங்கள் அச்சகத்தில் வேஸ்ட் பேப்பர் எதையும் வீசுவதில்லை; லேபிள் கட்டுகளை அதில்தான் சுற்றுவோம். என் நான்கு கட்டமும் ஒரு கட்டைச் சுற்றிக்கொண்டு நேராக அந்த முதலாளியிடமே போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் அவர் தாளோடு வந்து அப்பா முன்னால் நின்றார்.

“என்ன தம்பி, இத்தன வருசமா ஆர்டர் குடுத்த நான் ஒனக்கு ஆபத்தா?”

அப்பா எழுந்துவிட்டார். “அண்ணாச்சி, சின்னப் பிள்ள, படிச்சத ஏதோ கிறுக்கிருச்சு. உக்காருங்க, காப்பி சாப்பிடுறீகளா?”

எனக்கும் பயம்தான். ஆனாலும் கிறுக்கல் என்றதைப் பொறுக்க முடியவில்லை.

“கிறுக்கல பெரியப்பா, யோசிச்சுத்தான் எழுதுனேன். பொய் ஒண்ணு இருந்தா காட்டுங்க, அழிச்சுடுறேன்.”

“ஒம் மகளுக்கு எம்புட்டு வாய்! தம்பி, என் கண்ணு முன்னால இதக் கிழி. இல்லேன்னா இந்த சீசன் லேபிள வேற பிரஸ்ல அடிச்சுக்கிறேன்.”

“நான் எழுதுனதத்தான் பெரியப்பா நீங்களும் சொல்றீக.”

மிஷின்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அப்பா தாளைக் கையில் வாங்கி, முதல் தடவையாக முழுசும் படித்தார். மடித்தார். மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

“கிழிக்க மனசு வரல அண்ணாச்சி.”

அவர் காப்பி குடிக்காமலே போனார். சொன்னபடி லேபிளும் போனது.

அன்று சாயங்காலம் அப்பா தாளை எடுத்து என் முன்னால் போட்டார். “பலவீனத்துல ஒண்ண விட்டுட்டியே. எழுது, மக வாய்.”

எழுதினேன், பலம் என்ற கட்டத்தில். பார்த்தார். திருத்தவில்லை.

மறுநாள் மாதிரி டப்பாக்களைப் பையில் திணித்துக்கொண்டு சாத்தூருக்கு வண்டியைக் கிளப்பினேன். வாசல் வரை வந்த அப்பா சத்தம் போட்டார்.

“ஏ பிள்ள, ஒத்தக் கடையில ஆர்டர் பிடிச்சுட்டுத் திரும்பிறாத. நாலு கடை ஏறு.”