மஞ்சள் ஒட்டிய கல்

தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஊரிகத்தில் எங்கள் வீடு மூங்கில் தட்டிக் குடிசைதான். காற்றில் தட்டி பெயர்ந்து போகாமலிருக்க, அடியில் வரிசையாகக் கல் வைத்திருந்தோம். எல்லாம் என் கணவர் கொண்டுவந்து போட்டவை. சுரங்கத்திலிருந்து தங்கக் கல் காணாமல் போகிறது என்று காவலாளி வீடு வீடாகச் சோதனை போட்ட அன்று, அந்த வரிசையில் ஒன்றைத்தான் முதலில் தூக்கினான். அதன் முதுகெல்லாம் மஞ்சள்.

"இன்னா இது? தங்கத்த வாசல்லயே வச்சிகினு கீறீங்களா?"

சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து வந்த என் கணவர் வாசலோரம் குந்தியிருந்தார். பிடித்துக்கொண்டு போனால் ஜெயில்தான். எனக்குக் கோபம்தான் வந்தது. பாசிக்கும் பவுனுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு எதற்குக் காவல் வேலை?

நான் ஜவ்வாது மலை அடிவாரத்துக்காரி, கல்பாசி பறித்தே வளர்ந்தவள். மசாலாவில் போடுகிற கல்பாசி இலை மாதிரி ஓரம் தூக்கி நிற்கும், நகத்தால் உரித்துவிடலாம். இந்த மஞ்சளும் பாசிதான், அதற்குப் பங்காளி. உரிக்க வராது, கல்லோடு கல்லாக அப்பிக் கிடக்கும்.

"நகத்தால கீறிப் பாருங்கய்யா" என்றேன். தூள்தான் உதிர்ந்தது. கிட்டத்தில் பார்க்கச் சொன்னேன். காய்ந்த ஏரி மண் போல வெடித்திருந்தது, நடுநடுவே கடுகைவிடச் சின்ன வட்டங்கள். செம்புத் தண்ணீரை ஊற்றினேன். மஞ்சளில் லேசாகப் பச்சை ஏறியது.

"தங்கம் நனைஞ்சா பச்சையாவுமா?"

அவன் குரல் இறங்கியது. "அப்போ சொரங்கத்துக்கு அடியில, ஷாப்டுலேர்ந்து வர்ற கல்லுல இது இருக்காதா?"

"எப்படி இருக்கும்? வருசக்கணக்கா வெயில்ல கெடந்தாத்தான் புடிக்கும். இது இருந்தா மேல கெடந்த கல்லுன்னு அர்த்தம்." சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவன் தலையாட்டிவிட்டு வரிசையாக ஒவ்வொரு கல்லையும் புரட்ட ஆரம்பித்தான். ஒன்றில் சாம்பல் நிறப் பாசி, ஒன்றில் கறுப்பு. அவன் கைக்கு முன்னால் என் கண் ஓடியது. கடைசிக் கல்லில் எதுவுமே இல்லை. எல்லாப் பக்கமும் வெள்ளை, நேற்று உடைத்தது போல. கணவரைப் பார்த்தேன். அவர் தலை குனிந்திருந்தது. என் வாயை நானே தைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கால் வலிக்கிறது என்று சொல்லி, போய் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்தேன்.

மற்றதையெல்லாம் பார்த்து முடித்து, அவன் என் எதிரே வந்து நின்றான். "கொஞ்சம் எந்திரிம்மா. அதுல பாசி கீதான்னு பாக்கணும்."

எழுந்தேன். என் கணவர் கல்லையும் பார்க்கவில்லை, காவலாளியையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.